தையல் மிஷினுக்கு சர்வோ மோட்டார்: மூன்று வருட அனுபவம்

தக்கலைப் பக்கம் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் ஆறு பவர் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்பு இரண்டு மாதக் கணக்கில் 1,040 யூனிட் ஓடியது. ஃபேனும் லைட்டும்தான் கரண்டை இழுக்கிறது என்று நினைத்திருந்தேன்.

வயரிங் பார்க்க வந்த தம்பிதான் வழி சொன்னார். "அக்கா, மீட்டர்ல சிவப்பு லைட் மினுங்குதுல்லா? அத எண்ணிப் பாருங்க." எங்கள் மீட்டரில் 3200 என்று போட்டிருக்கிறது. அத்தனை தடவை மினுங்கினால் ஒரு யூனிட். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மிஷினைப் போட்டேன். பெடலில் கால் வைக்கவில்லை. நிமிடத்துக்குப் பதினொரு தடவை மினுங்கியது. அதாவது ஒரு தையல்கூட விழாமல் 200 வாட்!

பழைய கிளட்ச் மோட்டார் அப்படித்தான். சுவிட்ச் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊசியில் நூல் கோர்க்கும்போதும், பாபின் மாற்றும்போதும், துணியைத் திருப்பி வைக்கும்போதும் நிற்காது. எட்டு மணி நேர வேலையில் ஊசி உண்மையில் ஓடுவது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் சுற்றும். மாட்டியபின் அதே சோதனை செய்தேன். நாலு நிமிடம் மீட்டர் முன்னால் நின்றதில் ஒரே ஒரு மினுக்கு!

ஒன்றுக்கு 6,000 ரூபாய் ஆனது. இரண்டிரண்டாக மாற்றினோம். போட்ட காசு திரும்ப இரண்டு வருடம் பிடித்தது. கரண்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சத்தம் குறைந்ததுதான். தைக்கிறவர்கள் இப்போது கத்தாமல் பேசிக்கொள்கிறார்கள். புதிதாகப் பழக வருபவர்களுக்கு வேகத்தைக் குறைத்து வைத்துக் கொடுக்கவும் முடிகிறது.

குறையும் உண்டு. ஐப்பசி இடியில் சர்வோ மோட்டாரை இயக்கும் கண்ட்ரோல் பாக்ஸ் ஒன்று போய்விட்டது. கிளட்ச் மோட்டார் என்றால் உள்ளூர் வைண்டிங் கடையிலேயே சரியாகிவிடும். இதை வெளியூருக்கு அனுப்பி ஒன்பது நாள் காத்திருந்தோம். அதனால் பழைய மோட்டார் ஒன்றைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் ஆக்கருக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போட்டுவிடாதீர்கள். மழை இருட்டினால் பிளக்கைப் பிடுங்குவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

மற்ற மாற்றங்கள் சின்னவை. 75 வாட் ஃபேன் ஐந்தையும் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி (BLDC) மோட்டார் ஃபேன் ஆக்கினோம். பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராக இணைக்க வேண்டும், அதை மறக்கக் கூடாது. டியூப்லைட் எல்லாம் எல்இடி. வெட்டு மேசைக்கு மேலே நாலு கண்ணாடி ஓடு பதித்தோம். முதலில் தெற்குச் சரிவில் வைத்து, வெயில் நேராக விழுந்து நீலத் துணி வெளுத்தது. வடக்குச் சரிவுக்கு மாற்றியபின் பகலில் அங்கே லைட்டே போடுவதில்லை. இஸ்திரிப்பெட்டி 1,000 வாட். அதை அடிக்கடி சூடாக்காமல், தைத்ததைச் சேர்த்து வைத்துச் சாயங்காலம் ஒரே மூச்சில் தேய்க்கிறோம்.

இப்போது இரண்டு மாதத்துக்கு 430 யூனிட்டை ஒட்டி வருகிறது. சீருடை நெருக்கடி உள்ள சித்திரை, வைகாசியில் கொஞ்சம் ஏறும். ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் மட்டும் இன்னும் பழைய மோட்டாரில் ஓடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதன் மினுக்கை எண்ண வேண்டும்.