விங்ஸ்பான்: பறவை அசல், புல்வெளி போலி

சூழலியல் சொல்லித்தர விங்ஸ்பான் என்ற பறவைப் பலகை விளையாட்டை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக இது. ஆட்டமுறை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

170 பறவை அட்டைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாழிடம், இரை, கூட்டின் வகை, இறக்கை விரிவு எல்லாம் அட்டையிலேயே இருக்கின்றன. யாரும் சொல்லாமலே ஆடுபவர்கள் படித்துவிடுகிறார்கள்.

எரிச்சல் கடைசிச் சுற்றான நான்காம் சுற்றில்தான். புல்வெளி வரிசையில் 4 பறவை சேர்ந்துவிட்டால் ஒரு முறைக்கு 4 முட்டை. அந்தச் சுற்றின் 5 முறையும் அதையே செய்தால், கூடுகளில் இடமிருக்கும்வரை, முட்டைக்கு ஒன்றாக 20 புள்ளி. காடு, நீர்நிலை பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நிஜத்தில் நிலைமை நேர்மாறு. வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு சுமார் 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் புல்வெளிப் பறவைகள் பாதிக்குமேல் போய்விட்டன. ஆட்டம் வெளிவந்ததும் அதே ஆண்டுதான்! ஆட்டத்தின் வேட்டைப் பறவைகளும் சீட்டுக்கட்டின் மேலட்டையையோ பகடையில் விழும் இரையையோதான் தின்னும். மேசையிலுள்ள பறவைக்கு ஒரு கீறலும் விழாது.

கற்பிக்க வேண்டுமென்றால் ஒரு விதி சேர்த்தே ஆக வேண்டும். 2, 3ஆம் சுற்றுகளின் முடிவில், புள்ளி எண்ணியபின், ஒவ்வொருவரும் புல்வெளியின் வலக்கோடிப் பறவையை எடுக்க வேண்டும். அட்டையில் வேறு வாழிடக் குறி இருந்து, அங்கே இடமும் இருந்தால் முட்டைகளோடு நகர்த்தலாம். இல்லையேல் முட்டையோடு வெளியே. காலியான கட்டத்தை, யாரும் எடுக்காத நிறத்து மரக்கட்டையால் மூடிவிடுங்கள். அங்கே இனிப் பறவை கிடையாது. மூன்று வாழிடத்திலும் வாழும் காகம் பிழைத்துக்கொள்ளும், புல்வெளியில் மட்டும் வாழும் மெடோலார்க் போய்விடும். எது அழிகிறது, ஏன் அழிகிறது என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும்.

முதல் சுற்றிலேயே செய்தால் வரிசையில் ஒரே பறவைதான் இருக்கும், ஆட்டம் முடங்கும். சுற்று முடிவில் புள்ளி தரும் இலக்கு ஓடுகளில் புல்வெளியை எண்ணுபவற்றையும் முன்பே விலக்கிவிட வேண்டும். விதியை மறைக்காதீர்கள்: தெரிந்தால்தான் பல வாழிடக் குறியுள்ள அட்டைகளைத் தேடிப் பிடிப்பார்கள், பாடமே அதுதான்.

ஓஷியானியா விரிவாக்கத்தின் புதுப் பலகை முட்டை மோகத்தைச் சற்றுத் தணிக்கிறது. ஆனால் அழிவு அதிலும் இல்லை.

பறவைப் பாதுகாப்பைக் கற்பிக்கும் கருவி என்று பார்த்தால் ஐந்துக்கு இரண்டு. இருந்தாலும் வாங்குங்கள். அந்த அட்டைகளுக்காக மட்டுமே நான் இதை யாருக்கும் விற்கமாட்டேன்.