35 நாள் ராட்வைலர் குட்டி, ‘ஹெவி போன்’: தோட்டத்துச் சாளைக்கு ஆகுமா?

பல்லடம் பக்கம் 2024-லும் சிவகிரி பக்கம் 2025-லும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, தனிச்சாளையில், அதாவது தோட்டத்தில் தனித்திருக்கும் வீட்டில், இருப்பவர்கள் காவல் நாயைப் பற்றி யோசிப்பதில் வியப்பில்லை. கடையில் போய்க் கேட்டால், “தோட்டத்துக்குன்னா ராட்வைலர்தானுங்க” என்று, ‘ஹெவி போன்’ (கனத்த எலும்பு) உள்ளதாகச் சொல்லி ஒரு குட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் இப்படி விற்கப்படும் குட்டியைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு, எந்தத் தனிக்கடையையும் பற்றியது அல்ல. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வயதான அப்பாரும் ஆத்தாவும் மட்டும் இருக்கும் சாளைக்கு இது வேண்டாம். வளர்ந்த ஆண் நாய் 50 கிலோ வரும். அது ஒரு இழுப்பு இழுத்தால் கயிறு பிடித்திருப்பவர் கீழே விழுவார்.

முதல் கோளாறு வயதில். நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. கடையிலோ 30, 35 நாள் குட்டிதான் ‘சூப்பர் சைஸ்’ என்று போகிறது. கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளி கத்துவான் என்பதைக் குட்டி கற்கிறது. அந்தப் பாடம் முடியுமுன் பிரித்தெடுத்த குட்டி, பெரிதான பிறகு விளையாட்டுக்குக் கவ்வினாலும் தோல் கிழியும். வயதைச் சரிபார்க்க வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரத்தில் பால்பற்கள் 28-ம் வந்திருக்க வேண்டும். முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் இருந்து, பின்னால் கன்னப்பக்கம் ஈறு வெறுமையாக இருந்தால், கடைக்காரர் சொல்லும் நாள் கணக்கை நம்ப வேண்டாம்.

கடையில் ‘வித் பேப்பர்’ என்றால், நாய் இனங்களைப் பதியும் கென்னல் கிளப்பின் பதிவுத்தாள் உண்டு என்று பொருள். குட்டியின் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பின் (அடையாளச் சில்லின்) 15 இலக்க எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. தாள் இருப்பதாலேயே குணம் நன்றாக இருக்கும் என்றும் இல்லை. குணத்துக்கு முக்கிய அத்தாட்சி தாய் நாய். அந்நியர் பக்கத்தில் வரும்போது அது ஒடுங்கி நடுங்கினாலோ, கம்பியில் பாய்ந்து விழுந்தாலோ அந்த ஈற்றுக் குட்டி வேண்டாம். “தாய் வேற ஊர்ல இருக்குதுங்க” என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். வாலை வெட்டிய குட்டியை ‘ஒரிஜினல்’ என்று காட்டுவார்கள். அழகுக்காக வால் வெட்டுவது நம் நாட்டு விதிகளுக்கு விரோதம், காவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் வேண்டும். ‘போட்டாச்சு’ என்ற பேனா எழுத்து மட்டும் போதாது. ராட்வைலரை பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் கடுமையாகத் தாக்கும். வாங்கி வந்த மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் வாந்தியும் ரத்தபேதியும் வந்தால், கடையிலேயே தொற்றியிருக்க நிறைய வாய்ப்பு. முன்பு பார்வோவில் குட்டி செத்த வாசலில் பினாயில் ஊற்றிப் பயனில்லை, அந்த வைரஸ் அதற்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரையில் அதுவும் முழுதாக வேலை செய்யாது. அங்கே தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை விடவே கூடாது. வரிசை என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில்.

இனி வளர்ப்பு. மோர் சோற்றில் இது வளராது. பெரிய நாய்க்கு மாதம் ஏறக்குறைய 15 கிலோ உலர்தீவனம் போகும். பெரிய இனக் குட்டிக்கான முழுத் தீவனம் கொடுக்கும்போது மேலே கால்சியம் டானிக் ஊற்றினால் ‘போன்’ ஏறாது, எலும்பும் மூட்டும்தான் கோணும். இடுப்பு மூட்டு தேயும் நோய் ஏற்கெனவே இந்த இனத்தில் அதிகம். கரூர், பரமத்தி வெயிலில் மதியம் தகரக் கொட்டகைக்குள் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

கிளுவைச் செடி வேலி இந்த நாயைத் தடுக்காது. ஆறடிக் கம்பிவலை, அடியில் ஒரு அடி மண்ணுக்குள் புதைந்து, வாசலில் இரட்டைக் கதவு. பகலெல்லாம் சங்கிலி, ராத்திரி அவிழ்ப்பு என்ற நம் வழக்கம்தான் இதைக் கெடுக்கிறது. விடியற்காலை பால்காரர், தேங்காய் போட வருபவர், கரும்பு வெட்டும் ஆட்கள், கரண்ட் ரீடிங் எடுப்பவர் என்று சாளைக்கு வராத ஆள் இல்லை. மூன்றிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் இப்படிப்பட்ட பலதரப்பு மனிதர்களைப் பார்த்துப் பழகாத நாய்க்கு எல்லோரும் திருடர்தான். உறுமினால் அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது.

“தடையெல்லாம் போயிடுச்சுங்க” என்பார்கள். 2024 மார்ச்சில் ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களுக்கு எதிராக மத்திய அரசு விட்ட சுற்றறிக்கையை ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. ஆனால் மனிதருக்கு ஆபத்து வரும்படி நாயைக் கவனமின்றி விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. வாங்குமுன் உள்ளாட்சியில் உரிமம் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

நாட்டு இனங்களுக்குத் தாவினாலும் யோசனை வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைத் துரத்தும் வேட்டை நாய்கள். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் செம்மறிப் பட்டிக்குள் நாய் புகுந்து ஆடு சாவது ஏற்கெனவே பெரிய பிரச்சினை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டியின் முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பாருங்கள், காது திரும்ப வேண்டும். பெரியவர்கள் தனியாக இருக்கும் சாளைக்கு, கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் முடிந்த சாதாரண நாட்டு நாய் இரண்டு, வாசலில் நல்ல விளக்கு, பூட்டும் கதவு, இவை போதும். ஆள் வருவதைக் குரைத்துச் சொல்ல 50 கிலோ தேவையில்லை.