மாணவர் விசாவா, ஓ.சி.ஐ. அட்டையா? மொரீஷியஸிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் குடும்பத்திலிருந்து மூன்று வருட இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் சென்னைக்குப் படிக்கப் போனார்கள். தங்கை மகள் 2022இல் மாணவர் விசாவில் போனாள். என் மகன் 2025இல் ஓ.சி.ஐ. அட்டையோடு, அதாவது இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் 'வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை' அட்டையோடு, போனான். இரண்டு பேருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். அதனால் இப்போது எங்கள் ஊர் காத்ர் போர்னில் யார் வீட்டுப் பிள்ளை இந்தியாவுக்குக் கிளம்பினாலும் என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். போன தைப்பூசத்தன்று ஏழு கறிச் சாப்பாட்டு இலையில் உட்கார்ந்திருந்தவனிடம், "சார், எந்த விசா நல்லது?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்டார். ரசம் வரும்வரை பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓ.சி.ஐ. பக்கம். ஆனால் எல்லோருக்கும் அது சரிப்படாது.

இரண்டுக்கும் பொதுவான வேலைகளை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கல்லூரியின் அனுமதிக் கடிதம், எச்.எஸ்.சி. என்னும் எங்கள் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சமநிலைச் சான்று, பத்திரங்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் முத்திரை, வங்கிக் கணக்கு விவரம். இவை எந்த வழியில் போனாலும் வேண்டியிருக்கும். பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: பாதியைக் குறையுங்கள், சென்னையில் எல்லாம் கிடைக்கும்.

மாணவர் விசாவின் பெரிய பலம் வேகம். உங்கள் பாட்டன் பூட்டன் யார் என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரிக் கடிதமும் பணத்துக்கான ஆதாரமும் கையில் இருந்தால் போர்ட் லூயி இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். படிப்பு முடியும்வரை, அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கு, பல முறை போய்வரும் விதமாகத் தருவதுதான் விதி. தங்கை மகளுக்கு ஜூன் மாதம் இடம் உறுதியானது, ஆகஸ்டில் வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வேகத்தை ஓ.சி.ஐ.யால் தொடவே முடியாது.

தலைவலி விமானம் இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 2018 முதல் இது ஆன்லைனில் நடக்கிறது. கூப்பிட்டால்தான் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் பக்கம் போக வேண்டும். பதிவதே பெரிய கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கஷ்டம், நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு ஆதாரம் கொடுப்பதில். கல்லூரி விடுதி என்றால் கவலையில்லை. மாணவர் விவரத்தைக் கல்லூரி 'எஸ்' படிவத்தில் ஏற்றிவிடும், விடுதிக் கடிதமும் கொடுத்துவிடும். வெளியே வீடு எடுத்தால், வெளிநாட்டவர் தங்குகிறார் என்று அரசுக்குத் தெரிவிக்கும் 'சி' படிவத்தை வீட்டுக்காரர் போட வேண்டும். வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது அது.

இரண்டாம் வருடத்தில் தங்கை மகளுக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துவரவில்லை. இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு மாடி வீட்டுக்குப் போனாள். வீட்டுக்கார அம்மாள் தங்கமான மனுஷி, முதல் நாளே இட்லி கொடுத்து அனுப்பினாராம். 'சி' படிவம் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் போட்டா இன்கம்டாக்ஸ்காரன் வந்து நிப்பாம்மா. நீ தமிழ்ப் பொண்ணு மாதிரிதானே இருக்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். வாடகை ஒப்பந்தமாவது எழுதிக் கொடுங்கள் என்றால் அதுவும் கிடையாது. கையில் ஒரு ரசீதுகூட இல்லை. முகவரி மாறியதைப் பதிவு செய்யாமல் இருந்தால் பின்னால் விசா நீட்டிப்பு, படிப்பு முடிந்து கிளம்புவது என்று எல்லா இடத்திலும் அது முட்டும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில், "மாமா, நான் திருட்டுத்தனமா இருக்கிற மாதிரி இருக்கு" என்று அழுதாள். ஏழாவது வாரத்தில் விடுதிக்கே திரும்பினாள். கொடுத்த அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

இது அந்த அம்மாளின் குற்றம் மட்டும் இல்லை. விசாவின் அமைப்பே அப்படி. மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளை ஒரு கல்லூரிக்கும் ஒரு முகவரிக்கும் கட்டுப்பட்டது. கல்லூரி மாற வேண்டுமானால் அனுமதி, வீடு மாறினால் தகவல், தேதி முடிந்தால் நீட்டிப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் காகிதம் கொடுத்தாக வேண்டும். நம் பிள்ளை எவ்வளவு பொறுப்பாக இருந்தாலும் அந்த மூன்றாவது ஆள் கை விரித்தால் அவ்வளவுதான்.

ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு நாள் தங்கினாலும் அந்தப் பதிவே கிடையாது. ஆயுள் முழுக்கப் போய்வரலாம். விடுதியோ வீட்டுக்காரரோ 'சி' படிவம் போட வேண்டிய கடமை இவர்கள் விஷயத்திலும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் போடாவிட்டால் அது அவர் பாடு. பிள்ளையின் பதிவு அதனால் தொங்காது, தொங்குவதற்குப் பதிவே இல்லையே. நிரந்தர முகவரியோ தொழிலோ மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் 2021 அறிவிக்கை சொல்கிறது. அது தகவல் சொல்லும் வேலை, அனுமதி கேட்கும் வேலை இல்லை. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு வித்தியாசம்தான்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் ஏன் எடுப்பதில்லை? நாம் யார் என்று நிரூபிக்க வேண்டுமே. முன்பெல்லாம் நான்கு தலைமுறைக்கு மேல் போனால் கதவு மூடியிருந்தது. 2024 மார்ச்சில் எங்கள் தேசிய தினத்துக்கு வந்த இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, மொரீஷியஸ்காரர்களுக்கு மட்டும் ஏழாவது தலைமுறை வரை தரலாம் என்ற தனிச் சலுகையை அறிவித்தார். அடுத்த மார்ச்சில் எங்கள் குடியரசுத் தலைவர் தரம் கோகூலுக்கே பிரதமர் மோடி அட்டை கொடுத்தார். என் மகன் ஆறாவது தலைமுறை. அறிவிப்பு வந்தபோது அவன் எச்.எஸ்.சி. கடைசி வருடம். அந்த வாரமே தேட ஆரம்பித்தேன்.

தேட வேண்டிய இடம் இங்கே மொரீஷியஸில் மோகா ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனம். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஆளுக்கு ஓர் எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், கப்பல், உயரம், உடம்பில் இருந்த அடையாளம். எண் தெரிந்தவர்களுக்கு வேலை சுலபம். எங்களுக்குத் தெரியாது. பெரியம்மா வீட்டு அலமாரியில், சாமிப் படத்துக்குப் பின்னால், கரையான் அரித்த ஒரு கரும்புத் தோட்டச் சீட்டு கிடைத்தது. அதில் ஐந்து இலக்கம் தெளிவு. ஆறாவது ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. இரண்டையும் பார்க்கச் சொன்னோம். ஏழில் கிடைத்தார். பெயரை மாற்றிச் சொல்கிறேன், முத்துசாமி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1882, மதராஸிலிருந்து, வயது 22, வட ஆற்காடு, இடது புருவத்தில் தழும்பு. ஊர்ப் பெயரை மட்டும் அந்தக் குமாஸ்தா எழுதியிருந்த விதத்தில் எப்படி உச்சரித்துப் பார்த்தாலும் ஒரு தமிழ் ஊரும் வரவில்லை.

பூட்டன் கிடைத்துவிட்டார் என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். அவரிலிருந்து என் மகன் வரை ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்புப் பத்திரமும் கல்யாணப் பத்திரமும் வேண்டும், எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். இங்கேதான் தமிழர்களுக்கு ஒரு தனி வில்லங்கம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் கூட வரும். பதிவேட்டுக்காரர் குடும்பப் பெயர் கேட்டால் இவர்கள் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முதல் மூன்று தலைமுறைக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர்! போதாக்குறைக்கு எழுத்துக் கூட்டல். ஆங்கிலம் படித்த குமாஸ்தா முத்துவின் உகரத்துக்கு இரண்டு 'ஓ' போட்டிருக்கிறார், பிரெஞ்சு படித்தவர் 'ஓ'வும் 'யு'வும் போட்டிருக்கிறார். ஒரே மனிதர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவராகவும் சாவுப் பத்திரத்தில் இன்னொருவராகவும் இருக்கிறார். கோயிலில் தாலி கட்டி, சர்க்காரில் பதியாத கல்யாணம் ஒன்றும் நடுவில் இருந்தது. இவர்கள் எல்லாம் ஒரே ஆட்கள்தான் என்று பிரமாணப் பத்திரம் செய்து கொடுத்தோம்.

மொத்தத்தில் பத்திரங்கள் சேர்க்க ஏழு மாதம், விண்ணப்பம் கொடுத்து அட்டை வர அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு மேல். கட்டணம் 275 அமெரிக்க டாலர், நம் காசில் ஏறக்குறைய 12,500 மொரீஷியஸ் ரூபாய். பத்திர நகல்களுக்கும் அலைச்சலுக்கும் ஆனதை நான் கணக்கு வைக்கவில்லை, மனைவி வைத்திருக்கிறாள், காட்ட மறுக்கிறாள்.

பெரியவர்கள் கேட்கும் ஒரு பயம் உண்டு. "அட்டை வாங்கினால் நம்ம பாஸ்போர்ட் போய்விடுமா?" போகாது. பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் இது குடியுரிமை இல்லை. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மொரீஷியஸ் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டும் அட்டை, அவ்வளவுதான்.

அட்டைக்கும் பராமரிப்பு உண்டு. 20 வயதுக்கு முன் வாங்கியவர்கள், 20 முடிந்த பிறகு எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டின்போது ஒரு முறை அட்டையை மாற்றி வாங்க வேண்டும். என் மகன் 19இல் வாங்கியதால் அந்த வேலை எங்களுக்குப் பாக்கி இருக்கிறது. ஆராய்ச்சி செய்வதற்கும் பத்திரிகை வேலைக்கும் தனி அனுமதி தேவை, ஆகவே பிஎச்.டி. போகிறவர்கள் ஓ.சி.ஐ. இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகள் வழியாக வரும் இடங்களில் 2021 அறிவிக்கைப்படி என்.ஆர்.ஐ. இடங்களுக்கும் கூடுதலாக ஒதுக்கும் இடங்களுக்கும் மட்டுமே இவர்கள் போட்டியிட முடியும். மருத்துவம் படிக்கிற பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை, அந்தப் பக்கத்தில் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். சேர்த்த அனுபவம்தான் எனக்கு. அதிலும் கட்டணத்தை எந்தப் பிரிவில் வாங்குவார்கள் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டினேன்.

படிப்பு முடிந்த பிறகும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மாணவர் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. அங்கேயே வேலை கிடைத்தால் வேலை விசாவுக்கு மாற வேண்டும், அதற்குச் சம்பள வரம்பு உண்டு. புதிதாகப் படிப்பை முடித்தவருக்கு அது எட்டாத உயரம். ஓ.சி.ஐ. பிள்ளைக்கு அந்தச் சுவர் இல்லை. என் மகன் அங்கே வேலை பார்ப்பானா, திரும்பி வருவானா என்பது வேறு கதை.

ஆகவே எச்.எஸ்.சி. முடிவு வந்த பிறகு யோசிக்கிறவர்கள் பேசாமல் மாணவர் விசாவே எடுங்கள். பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் பூட்டனைத் தேடி, பத்திரம் சேர்த்து, அட்டையும் வாங்க முடியாது. அப்படிப் போனால் முதல் வருடம் மட்டுமல்ல, முழுப் படிப்புக்கும் கல்லூரி விடுதியிலேயே இருங்கள், சாம்பார் எப்படி இருந்தாலும். வெளியே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் "சி படிவம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் இறங்கி வந்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்திருப்பதால், நான் சொன்ன படிவங்களின் பெயரும் விதியும் மாறியிருக்கலாம். கிளம்பும் சமயத்தில் அவற்றை அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதும் நல்லது. பிள்ளை இன்னும் பத்தாவதோ பதினொன்றாவதோ படித்தால் இந்த வாரமே மோகாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். அதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களின் அலமாரியைத் திறந்து பாருங்கள்.

தங்கை மகள் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாள். மேல்படிப்புக்கு மறுபடி சென்னைதான் என்கிறாள், ஆனால் இந்தத் தடவை அட்டையோடு. அவளுக்கு வேலை பாதி முடிந்துவிட்டது. முத்துசாமியிலிருந்து என் அப்பா வரைக்கும் அதே கோப்பு போதும். என் தங்கையின் பிறப்புப் பத்திரத்தையும் கல்யாணப் பத்திரத்தையும் அவளுடைய பத்திரத்தையும் மட்டும் சேர்க்க வேண்டும். நேற்று வாங்கி வந்து பார்த்தால், தங்கையின் பத்திரத்தில் அப்பா பெயருக்கு ஓர் எழுத்து கூடுதல்.