மஞ்சள் பெட்டி சிடி வி-715: பனிப்போர் கால அமெரிக்காவின் கதிர்வீச்சு மீட்டர், வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கைகர் கவுண்டர் (கதிர்வீச்சை டிக் டிக் சத்தத்தோடு எண்ணும் கருவி) இல்லை. அமெரிக்க ஏலத் தளங்களில் இந்த மஞ்சள் பெட்டியை விற்கிற நிறையப் பேர் ‘கைகர் கவுண்டர், நன்றாக வேலை செய்கிறது’ என்றுதான் தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு விற்றவரும் அதையேதான் போட்டிருந்தார். வாங்குகிறவர்கள் பேட்டரியைப் போட்டு, சினிமாவில் வருகிற மாதிரி டிக் டிக் என்று கேட்கும் எனக் காத்திருந்துவிட்டு, எதுவும் கேட்கவில்லை என்றதும் கோபத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டி மேல் தப்பில்லை. சத்தம் போடுகிற வேலையே அதற்குக் கிடையாது.

1960-களின் தொடக்கத்தில் அணுப் போர் வந்தால் பொதுமக்களைக் காக்கும் அமெரிக்கக் குடிமைப் பாதுகாப்புத் திட்டத்துக்காக லட்சக்கணக்கில் செய்யப்பட்ட கருவி இது. ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் இருந்த விக்டரீன் உட்படப் பல நிறுவனங்கள் ஒரே வரைபடத்தின் சாயலில் செய்துகொடுத்தன. உலோகப் பெட்டி, மேலே கைப்பிடி, ஒரு மீட்டர், இரண்டு குமிழ்கள், பக்கவாட்டில் வட்டத்துக்குள் முக்கோணம் போட்டு அதற்குள் குடிமைப் பாதுகாப்பைக் குறிக்கும் சிடி என்ற எழுத்துகள். உள்ளே ஓர் அயனியாக்க அறை (கதிர்வீச்சு பட்டால் இதிலுள்ள காற்றில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும்), விரல் நுனி அளவுக்கு ஒரு வெற்றிடக் குழாய், ஒரே ஒரு பெரிய டார்ச் செல். செய்நேர்த்தியைக் குறை சொல்லவே முடியாது. மூடியைத் திறந்தால் ரப்பர் பட்டை போட்டு ஈரம் புகாமல் அடைத்திருப்பது தெரியும், கையுறை போட்ட கையால்கூடத் திருப்பலாம் போலக் குமிழ்கள் பெரியதாக இருக்கின்றன, மீட்டரின் எண்களும் அரை இருட்டில் படிக்கிற அளவுக்குப் பெரியவை. இதைப் பயன்படுத்தப் போகிறவர் விஞ்ஞானி இல்லை, பள்ளி வாத்தியாரோ தீயணைப்பு வீரரோதான் என்பதை வடிவமைத்தவர்கள் மறக்கவே இல்லை.

பயன்படுத்துவதும் சுலபம்தான். குமிழை ஜீரோவில் வைத்து, ஒன்றிரண்டு நிமிடம் சூடாக விட்டு, இன்னொரு குமிழால் முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் சர்க்யூட் செக். முள் குறித்து வைத்த பகுதிக்குள் போய் நின்றால் சரி. என்னிடம் வந்தது பூஜ்ஜியத்தில் நிற்க மறுத்தது, மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே ஈரம் ஏறிய பழைய பெட்டிகளுக்கு இது வழக்கமான நோய். மிக அதிக மின்தடை கொண்ட பாகங்களில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் போதும், இல்லாத மின்னோட்டத்தை இருப்பதாகக் காட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்த பிறகு சரியாகிவிட்டது.

சரி, எதை அளக்கிறது? இங்கேதான் விஷயம். இதன் மிக நுட்பமான நிலையில் முள் கடைசிவரை போனால் மணிக்கு 0.5 ராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு). நாம் எல்லோரும் எப்போதும் வாங்கிக்கொண்டிருக்கும் இயற்கைக் கதிர்வீச்சு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. ஆகவே வீட்டில், தெருவில், பழைய ரேடியம் கடிகாரத்துக்கு முன்னால் என எங்கே வைத்தாலும் முள் அசையாது. அசைந்தால் பெட்டி பழுது, அல்லது நீங்கள் உடனே ஓட வேண்டும். மறுமுனையில் மணிக்கு 500 ராண்ட்ஜன் வரை காட்டும். அந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சிகிச்சை இல்லாவிட்டால் இறந்துபோவார்கள்.

இந்தக் கருவிக்கு அன்றாட வாழ்க்கையே தெரியாது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. போர் நடந்து முடிந்த மறுநாள் காலைக்காக மட்டுமே செய்தது. குமிழில் நான்கு அளவு நிலைகள்: 500, 50, 5, 0.5. அணுகுண்டுக்குப் பின் விழும் கதிரியக்கத் தூசிக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு, நேரம் ஏழு மடங்கு ஆகும்போது கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகக் குறையும். முதல் மணி நேரத்தில் 500 என்றால் ஏழு மணி நேரத்தில் 50, இரண்டு நாளில் 5, இரண்டு வாரத்தில் 0.5. இப்போது அந்தக் குமிழை மறுபடி பாருங்கள். அது ஒரு நாள்காட்டி. வெடித்த முதல் மணி நேரத்தில் ஒரு நிலை, அன்று மாலைக்கு ஒன்று, மூன்றாம் நாளுக்கு ஒன்று, பதினைந்தாம் நாள் வெளியே தலை நீட்டலாமா என்று பார்க்க ஒன்று. இந்தத் தூசியிலிருந்து மக்கள் ஒளிந்துகொள்ளும் புகலிடங்களில் இரண்டு வாரத்துக்குச் சாமான் வைத்ததற்கும் இதே கணக்குதான் அடிப்படை. இதை யோசித்தே குமிழைப் போட்டார்களா, பத்தின் மடங்குகளில் அளவு வைப்பது வழக்கம் என்பதால் தானாக அமைந்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் இருக்கும். ஆனாலும் கையில் வைத்துத் திருப்பும்போது கொஞ்சம் சில்லிடுகிறது.

இப்படி ஒரு பொருளை லட்சக்கணக்கில் செய்ய வேண்டிய நிலைக்கு ஒரு பணக்கார நாடு எப்படி வந்தது? 1954 மார்ச் 1-ல் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டுச் சோதனை எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாகி 15 மெகாடன் ஆனது. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேர் மேல் வெள்ளைத் தூசி விழுந்தது, அவர்களில் படகின் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அதுவரை மேசைக்கு அடியில் பதுங்கு என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, குண்டு விழாத ஊரிலும் சாவு காற்றோடு வரும் என்று அப்போது புரிந்தது. தமாஷ் என்னவென்றால் அதே ஆண்டு ஜனவரியில்தான் வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சோவியத் எங்கே சீண்டினாலும் நாங்கள் விரும்பும் இடத்தில் விரும்பும் விதத்தில் பேரடி கொடுப்போம் என்ற கொள்கையை அறிவித்திருந்தார். மிரட்டுவது மலிவு, மிரட்டலுக்குப் பின் பிழைத்திருப்பதுதான் செலவு. 1957-ல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த பிறகு, அரசின் ஆலோசனைக் குழுவான கெய்தர் குழு கோடிகோடியாகக் கொட்டிப் புகலிடம் கட்டச் சொன்னபோது அதிபர் ஐசனோவர் பிடி கொடுக்கவில்லை, முன்னாள் ஜெனரல் அல்லவா, கணக்குத் தெரிந்தவர்.

அடுத்து வந்த அதிபர் கென்னடி வேறு மாதிரி. மேற்கு பெர்லினை விட்டு வெளியேறச் சொல்லி சோவியத் நெருக்கிய பெர்லின் நெருக்கடி முற்றிய 1961 ஜூலை 25 அன்று தொலைக்காட்சியில் பேசியபோது, ராணுவத்துக்குக் கூடுதல் பணம் கேட்ட அதே மூச்சில் குடிமைப் பாதுகாப்புக்கு 20.7 கோடி டாலர் புதிதாகக் கேட்டார். கட்டடங்களில் புகலிடங்களைக் கண்டுபிடித்துக் குறியிடுவது, உணவும் தண்ணீரும் வைப்பது, கதிரியக்கத் தூசியைக் கண்டறியும் ஏற்பாட்டை மேம்படுத்துவது என்று பட்டியல் போட்டார். அந்தக் கடைசி ஐட்டம்தான் இப்போது என் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. பெர்லினுக்காக அணுப் போர் வரை போவோம் என்று நீங்கள் சொல்வதை மாஸ்கோ நம்ப வேண்டுமானால், உங்கள் மக்கள் அதைத் தாங்குவார்கள் என்றாவது காட்ட வேண்டும். என் பார்வையில் இந்த மஞ்சள் பெட்டி முதலில் சோவியத் தலைவர் குருஷேவுக்குக் காட்டுவதற்கு, அப்புறம்தான் ஓஹையோக்காரருக்கு.

அந்த ஆண்டு செப்டம்பர் லைஃப் பத்திரிகை, கென்னடியின் கடிதத்தோடு, 100 பேரில் 97 பேரைக் காப்பாற்றலாம் என்று அட்டையில் போட்டது. அதே சமயம் எல்.சி. மெக்ஹியூ என்ற ஜெசூட் பாதிரியார், உன் புகலிடத்துக்குள் நுழையப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரனைத் தடுக்க உனக்கு உரிமை உண்டு என்று எழுத, நாடே சண்டை போட்டுக்கொண்டது. கதவைத் திறப்பதா, துப்பாக்கி எடுப்பதா என்று. கொல்லைப்புறத்தில் புகலிடம் தோண்ட முதலில் கொல்லைப்புறம் வேண்டுமே என்று அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. லெவிட்டவுன் போன்ற புறநகர்களில் கறுப்பினத்தவருக்கு வீடே விற்கவில்லை, நகரத்து வாடகைக் குடியிருப்புக்காரர்களுக்கு அரசு மஞ்சள் கறுப்புப் பலகை மாட்டிய அடித்தளம்தான். அங்கே உப்புச் சப்பில்லாத பிஸ்கட்டும், காலியானால் கழிப்பறையாக மாறும் 17.5 காலன் தண்ணீர் டிரம்மும், கூடவே இந்தக் கருவிகள் அடங்கிய பெட்டியும் காத்திருந்தன.

இதன் பெரிய குறை எது என்று கேட்டால், ஈரமோ முள்ளோ இல்லை. போர் வராமலேயே, வெறும் சோதனைகளால் மக்கள் உடம்பில் ஏறிக்கொண்டிருந்த கதிரியக்கம் இதன் கண்ணுக்கே தெரியாது. அதை அளந்தவர்கள் வேறு ஆட்கள். செயின்ட் லூயிஸில் 1958 முதல் டாக்டர் லூயிஸ் ரைஸ் முதலியவர்கள் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அதில் குண்டுச் சோதனைத் தூசியில் வரும் ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் எவ்வளவு என்று பார்த்தார்கள். பால் குடித்த பிள்ளைகளின் பல்லில் அது ஏறிக்கொண்டே போனது. 1961 நவம்பர் 1-ல் சோதனைகளை நிறுத்தச் சொல்லிப் பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1963 ஆகஸ்ட் 5-ல் மாஸ்கோவில் வளிமண்டலச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. சோதனைகள் நிலத்துக்கு அடியில் போயின, மக்களின் பயமும் கொஞ்சம் அடங்கியது, அப்புறம் வியட்நாம் வந்து பணத்தையும் கவனத்தையும் தின்றது. மஞ்சள் பெட்டிகள் அடித்தளங்களிலேயே கிடந்தன. பனிப்போர் முடிந்தபின் உபரிச் சாமானாகச் சந்தைக்கு வந்தவைதான் இன்று விற்பனையில் இருப்பவை.

என் மதிப்பெண்: கருவியாக 5-க்கு 1, பனிப்போரைப் புரிந்துகொள்ள உதவும் பொருளாக 5-க்கு 5. அலமாரியில் வைக்க அழகு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேச நல்ல சாக்கு, உள்ளே கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லாததால் பிள்ளைகள் தொட்டாலும் பயமில்லை. உண்மையிலேயே எதையாவது அளந்து பார்க்க ஆசை என்றால் இதன் அண்ணன் சிடி வி-700-ஐத் தேடுங்கள். அது நிஜமான கைகர் கவுண்டர், காதில் மாட்டிக் கேட்கலாம். விலை கணிசமாக அதிகம். பொம்மை ரயில் செய்த லயனல் நிறுவனத்தின் பெயர் போட்டதும் கிடைக்கிறது, சேகரிப்பாளர்களுக்கு அது தனி குஷி. 715-ஐயே வாங்குவதென்றால் பேட்டரி இருக்கும் இடத்தின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வேண்டாம். சர்க்யூட் செக்கில் முள் எழுந்ததை மட்டும் காட்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டாம், அது மின்சுற்றைத்தான் சோதிக்கிறது, அயனியாக்க அறையை இல்லை. பூஜ்ஜியத்தில் ஐந்து நிமிடம் முள் நகராமல் நிற்பதைக் காணொளியாக அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, ஒருவர் மேல் மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்டும் பேனா வடிவ டோசிமீட்டர் சிடி வி-742 மலிவாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு மின்னேற்றும் சிடி வி-750 பெட்டியும் சேர்த்து வாங்கினால்தான் உபயோகம்.