10-க்கு 10 அறையில் 20 மி.மீ ஜிக்சா மேட்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

வீட்டில் கராத்தே, டேக்வாண்டோ, கிக்பாக்ஸிங் என்று எதைப் பழகினாலும் முதல் செலவு தரைக்குப் போக வேண்டும். பஞ்சிங் பேக், கையில் பிடித்து அடி வாங்கும் பேட், கண்ணாடி எல்லாம் அப்புறம். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு உதைத்துப் பழகினால் குதிகாலும் முழங்காலும் சீக்கிரமே கணக்குக் கேட்கும். வியர்வை சொட்டிய இடத்தில் வழுக்கி விழுந்தால் அதைவிட மோசம். இதற்காகக் கடைகளில் அதிகம் விற்பது 1 மீட்டருக்கு 1 மீட்டர் அளவுள்ள, ஒரு பக்கம் சிவப்பு மறுபக்கம் நீலமாக வரும், பல்லோடு பல் கோக்கிற ஈவா (EVA) நுரை மேட். அதில் 20 மி.மீ கனத்தைப் பற்றித்தான் இங்கே.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காட்டா, பூம்சே (கராத்தேயிலும் டேக்வாண்டோவிலும் தனியாகச் செய்யும் அசைவு வரிசைகள்), உதை, பேட் அடி, தண்டால் இவற்றுக்கு இந்த மேட் கொடுத்த காசுக்குத் தகும். ஜூடோ, மல்யுத்தம் மாதிரி ஆளைத் தூக்கிப் போடுகிற கலைக்கு ஆகவே ஆகாது. மொட்டை மாடிக்கும் ஆகாது.

அளவு நம் வீடுகளுக்கு அழகாகப் பொருந்துகிறது. 10-க்கு 10 அறை என்பது 3.05 மீட்டர். மூன்றுக்கு மூன்றாக 9 மேட் போட்டால் சுவரோரம் இரண்டு பக்கமும் இரண்டரை செ.மீ மிஞ்சும். அந்த இடைவெளியை அடைக்க வேண்டாம். வெயில் காலத்தில் ஈவா கொஞ்சம் விரியும். சுவரை முட்டினால் நடுவில் கூடாரம் போல எழும்பி, அங்கேதான் கால் தடுக்கும். உள்பக்கம் திறக்கிற கதவு இருந்தால் வாங்குவதற்கு முன் கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். பல வீடுகளில் அது 1 செ.மீ-கூட இருக்காது, மேட்டோ 2 செ.மீ. கதவு சுழல்கிற பகுதியை மட்டும் கட்டர் பிளேடால் வளைவாக வெட்டி எடுப்பது ஒரு வழி. ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல், இரும்பு ஸ்கேல் வைத்து மூன்று நான்கு தடவை கீறினால் விளிம்பு பிசிறாது.

கடைக்காரர் கனத்தை மட்டும் சொல்வார். கேட்க வேண்டியது அடர்த்தி; அது அட்டையில் இருக்காது. ஒரு தராசு போதும். 1 மீட்டர் சதுரம், 20 மி.மீ கனம் என்றால் கன அளவு 0.02 கன மீட்டர். கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி இருந்தால் ஒரு மேட் 2 கிலோ வரும். 1.2 கிலோதான் இருக்கிறது என்றால் அடர்த்தி 60. நீங்கள் கொடுத்த காசில் ஐந்தில் இரண்டு பங்கு காற்றுக்கு. அது கைக்கு மெத்தென்று இருக்கும், வாங்கும்போது பிடித்தும் போகும். ஆனால் முன்காலில் எடை ஏறும்போது பாதம் புதைந்துகொள்ளும்.

எடையை மட்டும் நம்பவும் முடியாது. சுண்ணாம்புத் தூளைக் கலந்து எடை ஏற்றுகிறவர்களும் உண்டு. ஒரு பல்லைப் பிடித்து முழுதாக மடக்கிப் பாருங்கள். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு நின்றுவிட்டால் கலப்படம் அதிகம். அந்தப் பல் விரைவில் ஒடியும். பிறகு குதிகாலால் ஓர் இடத்தை நன்றாக அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே மேலே வர வேண்டும்.

கனம் கூடினால் நல்லதுதானே என்று 40 மி.மீ வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வட்ட உதையில் நின்ற கால் திரும்பியாக வேண்டும். மென்மையான கனத்த மேட்டில் பாதம் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். உதைக்கிற கலைகளுக்கு 20 முதல் 25 மி.மீ வரை, கெட்டியான மேட்தான் சரி. 40 மி.மீ விழப் பழகுகிறவர்களுக்கு. ஜூடோ கூடங்களில் கிடப்பது வேறு சரக்கு: நுரைத் துண்டுகளை அழுத்தி ஒட்டி, மேலே வினைல் உறை போட்டது. 20 மி.மீ மேட்டை இரண்டு அடுக்காகப் போட்டு 40 ஆக்குவதும் நடக்காது. மேலடுக்கு கீழடுக்கின் மேல் நழுவும்.

இன்னொரு கணக்கு. 2 அடிக்கு 2 அடி, 12 மி.மீ மேட் நான்கு கொண்ட பாக்கெட் மலிவாகத் தெரியும். நான்கும் சேர்ந்தால் 16 சதுர அடி. ஒரு மீட்டர் மேட் ஒன்றே 10.76 சதுர அடி. விலையைச் சதுர அடிக்கு வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த 12 மி.மீ யோகாவுக்குச் சரி. குதித்து இறங்கினால் அடியில் உள்ள டைல்ஸ் காலுக்குத் தெரியும்.

புது மேட்டில் ஒரு நெடி வரும். அதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஈவாவை நுரைக்க வைக்கும் ரசாயனத்திலிருந்து ஃபார்மமைடு என்ற தீங்கான பொருள் மிஞ்சக்கூடும். 2010-இல் பெல்ஜியம் இதற்காகவே குழந்தைகளுக்கான பஸில் மேட்களைக் கடைகளிலிருந்து எடுக்கவைத்தது. பாக்கெட்டைப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் நெடி குறையும்வரை சில நாள் நிறுத்திவைத்த பிறகு விரியுங்கள். வெயிலில் காயவைத்தால் சீக்கிரம் போகுமே என்று தோன்றும். அறைச் சூட்டில் கொஞ்சம் விரிகிற அதே ஈவா, மே மாத மொட்டை மாடிச் சூட்டில் நிரந்தரமாகச் சுருங்கும், ஓரம் சுருளும், பிறகு பல் கோக்காது. மாடியில் தகர ஷெட் போட்டு அதற்குள் விரித்தாலும் இதே கதைதான்.

விரிப்பது எளிது. கதவுக்கு எதிர் மூலையில் தொடங்கி, பல்லைக் குதிகாலால் மிதித்து இறக்கினால் போதும், சுத்தியல் வேண்டாம். வேறு வேறு அச்சில் வார்த்தவற்றின் பல் சில மி.மீ மாறும். பத்தாவது மேட் ஒன்றை அதே சரக்கிலிருந்து சேர்த்து வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். நடுவில் இருக்கும் மேட்தான் முதலில் தேயும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடுவையும் மூலையையும் மாற்றிப் போட்டால் எல்லாம் ஒன்றாகத் தேயும்.

பராமரிப்பில் பலரும் தவறுவது அடிப்பக்கத்தில். வியர்வையும் துடைத்த தண்ணீரும் பல் இடுக்கு வழியாக இறங்கி, தரைக்கும் மேட்டுக்கும் நடுவே காயாமல் நிற்கும். பூசணம் அங்கேதான் பிடிக்கும். மாடி வீட்டில் மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தி ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். உவர் ஏறும் தரைத்தள வீடு என்றால் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை. அடியில் செய்தித்தாள் விரிக்கிற வழக்கத்தை விட்டுவிடலாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கரையானையும் அழைத்து வரும். மேலே துடைக்க, அரை வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் போதும். பினாயிலை அப்படியே ஊற்றினால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். இரண்டு மூன்று பேர் உருண்டு புரண்டு பழகும் மேட் என்றால் தினமும் துடைப்பது கட்டாயம். படர்தாமரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக அது நல்ல பாலம்.

மூன்று மீட்டர் சதுரத்தில் என்ன செய்ய முடியும்? உலக கராத்தே சம்மேளனத்தின் போட்டிக் களம் 8 மீட்டர் சதுரம், நம்மிடம் இருப்பது அதில் ஏழில் ஒரு பங்கு. கராத்தேயின் தொடக்கக் காட்டாவான ஹெயான் ஷோடானில் நடுக்கோட்டில் வரும் மூன்று காலடிகளை நீளமாக வைத்தால் மூன்றாவது அடி சுவரைத் தொடும். மூலைவிட்டமாகத் தொடங்கினால் 4.2 மீட்டர் கிடைக்கிறது. அதுவும் போதாவிட்டால் இரண்டாவது அடிக்குப் பிறகு ஒரு காலடி பின்வாங்கித் தொடரலாம். சிலம்பத்துக்கு இந்த அறை உதவாது. ஐந்தரை அடிக் கம்பை நெட்டாகச் சுழற்றினால் ஃபேன் இறக்கை தப்பாது. மண் தரைதான் அதற்கு வசதி, மேட் வாங்கவே வேண்டாம்.

மாடிக் குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கால் உரசும் சத்தத்தையும் குதிகால் தட்டும் சத்தத்தையும் மேட் குறைக்கும். ஸ்கிப்பிங் குதியின் அதிர்வு கீழ்வீட்டுக்கு அப்படியே இறங்கும்.

மேட்டுக்கு அடுத்து எல்லாரும் கேட்பது பேக் பற்றி. ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள். அது அசையாமல் தொங்கும் சில கிலோ ஃபேனுக்காக விட்டது. 35 கிலோ பேக் ஆடி இழுக்கும் இழுப்புக்கு இல்லை. மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் நாலரை இன்ச் சுவரிலும் பேக் மாட்டும் எண்ணமே வேண்டாம். கான்கிரீட் தளமாக இருந்தால் நான்கு ஆங்கர் போல்ட் உள்ள பிளேட் பொருத்தி, சங்கிலிக்கு மேல் ஒரு ஸ்பிரிங்கும் போட வேண்டும். துளையிடுமுன் தளத்துக்குள் ஒயர் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் நிற்கும் பேக் வாங்கினால் அதன் அடித்தட்டை மேட்டின் மேல் வைக்காமல் அந்த இடத்து மேட்டை எடுத்துவிட்டு டைல்ஸ் மேல் வையுங்கள். மேட் மேல் வைத்தால் பேக்கும் ஆடும், மேட்டும் நிரந்தரமாகப் பள்ளமாகும்.

காலி உறையாக வரும் பேக்கில் மணலைக் கொட்டினால் அது அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், மணிக்கட்டுதான் போகும். திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஜிப், பட்டன் எதுவும் இல்லாத துண்டுகளாகப் பார்த்து, அரை அடிக்கு ஒரு முறை உலக்கையால் இடித்து நிரப்புங்கள். பழகப் பழகத் துணி கீழே இறங்கும். மேலே காலியாகும் இடத்துக்குக் கொஞ்சம் வேஸ்ட் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.