அபௌட் ஷ்மிட்: அப்பாவ பக்கத்துல வச்சிக்கிட்டு பாக்கலாமா?

போன ஞாயித்துக்கிழம மத்தியானம் செம மழை, இங்க சிங்கப்பூர்ல, ஈசூன்ல இருக்குற அப்பா வீட்டுக்கு போயிருந்தேன், வெளிய எங்கயும் போக முடியல, சரி ஏதாவது படம் போடுவோம்னு தேடுனப்ப ஜாக் நிக்கல்சன் மூஞ்சி தெரிஞ்சிச்சு. அப்பாவுக்கு அந்த ஆள புடிக்கும், கதை என்னன்னு நான் படிக்கவே இல்ல, டக்குன்னு போட்டுட்டேன். பத்து நிமிஷத்துல புரிஞ்சிருச்சு. ஹீரோ ஷ்மிட் ரிடையர் ஆவுறார், கொஞ்ச நாள்ல பொண்டாட்டி செத்துப் போயிடுறா, ஒரே பொண்ணு, அவ தூரத்துல. எங்கப்பா 2019ல ரிடையர் ஆனவர், அம்மா 2022ல போயிட்டாங்க, நான் ஒரே பொண்ணு, சிராங்கூன்ல இருக்கேன், எம்ஆர்டி ரயில்ல அரைமணி நேரம்தான் ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவ போனா பெருசு. ரிமோட்ட எடுத்து மாத்தவும் முடியல, ஏன் மாத்துறேன்னு கேட்டா என்ன சொல்றது.

படம் 2002ல வந்தது. டைரக்டர் அலெக்சாண்டர் பெயின், அவரோட சொந்த ஊரு ஒமாஹாலயே எடுத்திருக்கார். லூயிஸ் பெக்லி எழுதுன நாவல்லருந்து எடுத்ததுன்னு போடுவாங்க, ஆனா அதுல ஷ்மிட் நியூயார்க் வக்கீல், படத்துல இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆளு, பேரைத் தவிர பெருசா ஒண்ணும் மிச்சம் இல்ல. நிக்கல்சனுக்கு கோல்டன் குளோப் கெடச்சது, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனாரு. ரெண்டு மணி நேரம் சொச்சம்.

மொத சீன்ல காலி ஆபீஸ். எல்லாத்தையும் மூட்ட கட்டியாச்சு, மேசை மேல ஒண்ணும் இல்ல, ஷ்மிட் கோட்டு போட்டுக்க ரெடியா உக்காந்து செவுத்து கடிகாரத்தையே பாத்துட்டு இருக்கார். சரியா அஞ்சு மணி ஆனதும் எந்திரிச்சு போறார். கடைசி நாள்ல அஞ்சு நிமிஷம் முன்னாடி கெளம்புனா யாரு கேக்கப் போறா? ஆனா கெளம்ப மாட்டார். அப்பா அதப் பாத்துட்டு ஒண்ணு சொன்னாரு, அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்துல க்ரேன் ஓட்டுனவர், 1977ல சேந்தவரு. "கடைசி ஷிஃப்ட் அன்னிக்கு நான் மணி பாக்கல பாப்பா, மேல கேபின்லயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன், கீழ இறங்குனா மறுபடி ஏற வேண்டியதில்லன்னு அப்பதான் தோணுச்சு." இத்தன வருஷத்துல இத என்கிட்ட சொன்னதே இல்ல.

அப்புறம் ஷ்மிட் ஒரு நாள் பழைய ஆபீசுக்கு போறார், புதுசா வந்த சின்னப் பையன்கிட்ட ஏதாவது டவுட் இருந்தா கேளுப்பான்னு சொல்ல. பையன் ரொம்ப மரியாதையா, இல்ல சார், எல்லாம் நல்லாப் போகுதுன்னு அனுப்பிடுறான். வெளிய வந்தா அவரோட ஃபைல் பொட்டிங்க எல்லாம் குப்பைக்குப் போக அடுக்கி வச்சிருக்கு. வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட என்ன சொல்றாரு தெரியுமா, பையனுக்கு என் உதவி தேவப்பட்டுச்சு, போனது நல்லதாப் போச்சுங்கிற மாதிரி. எனக்கு இந்தப் படம் புடிச்சுப்போன எடம் இதுதான். ரிடையர்மெண்ட் சோகம்னு எத்தனையோ படம் இருக்கு, இது பொய் சொல்ற ஒருத்தரப் பத்துன படம், அதுவும் நம்ம வீட்டுப் பெருசுங்க சொல்ற அதே மாதிரி சின்னச் சின்னப் பொய்.

அந்தப் பொய்ய எல்லாம் கொட்டுறதுக்கு படத்துல அருமையா ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. டிவி விளம்பரத்தப் பாத்துட்டு தான்சானியால இருக்குற ந்டூகுன்னு ஆறு வயசுப் பையனுக்கு மாசம் 22 டாலர் அனுப்ப ஆரம்பிக்கிறாரு. (அப்பா ஒடனே, "நம்ம சிங்கப்பூர் வெள்ளிக்கு எவ்ளோ வரும்?") பணத்தோட ஒரு லெட்டரும் எழுதுங்கன்னு அந்த அமைப்பு கேக்குது. மொத ரெண்டு வரி ஒழுங்கா எழுதுவார், அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க, எனக்கு பதிலா வந்த பயல் ஒரு திமிர் புடிச்சவன், என் வீட்டுல வாழுற இந்தக் கெழவி யாருன்னே தெரியல, அவ உக்கார்ற விதம் புடிக்கல, அவ வாசம் புடிக்கலன்னு. இத ஆறு வயசுக் கொழந்தைக்கு எழுதுறார்! அந்தம்மா இவர ஒண்ணுக்கு கூட உக்காந்துதான் போகணும்னு ரூல் போட்டிருக்கு, அதயும் எழுதுறார், அப்பா அதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாரு, ஏன்னு நான் கேக்கல.

லெட்டர்ல ஒண்ணு ஓடும், திரையில வேற ஓடும். பொண்ணுக்கு போன் போட்டு நான் இப்பவே கெளம்பி வர்றேன்னு சொல்வார், வேணாம்பா, கல்யாணத்துக்கு முன்னாடி வந்தா போதும்னு அவ சொல்லிடுவா. லெட்டர்ல அது அப்படியே தலைகீழா மாறி, பொண்ணு வாங்க வாங்கன்னு கெஞ்சுனா, நான்தான் கொஞ்ச நாள் தனியா சுத்திட்டு வர்றேன்னுட்டேன்னு ஆயிரும். எனக்கு திருவாரூர்ல இருக்குற அத்தைக்கு அப்பா போன்ல பேசுறது ஞாபகம் வந்துருச்சு. "பாப்பா வாரா வாரம் வந்துருவா, சமைச்சு வச்சிட்டுப் போவா." வாரா வாரமா? சமையலா? நான் தேக்காவுல பிரியாணி வாங்கிட்டுப் போற ஆளு. பக்கத்துல உக்காந்து இத எல்லாம் கேட்டுட்டு நானும் ஒண்ணும் சொல்றதில்ல.

பொண்டாட்டி சாவு ரொம்ப சாதாரணமா வருது. ஆடி அசைஞ்சு வராம சீக்கிரம் வாங்கன்னு சொல்லி அனுப்புவா, இவரு வேணும்னே நிதானமா சுத்திட்டு வீட்டுக்கு வந்தா வாக்யூம் க்ளீனர் ஓடிட்டே இருக்கு, அவ கிச்சன் தரையில கெடக்குறா. மியூசிக் எல்லாம் போட்டு அழ வைக்கல, அந்த வாக்யூம் சத்தம் மட்டும்தான். அப்புறம் சவப்பெட்டி சண்ட. இருக்குறதுலயே மலிவான பொட்டியாப் பாத்து எடுத்திருக்கீங்கன்னு பொண்ணு கேக்குறா, இவரு இல்ல, இதவிட மலிவா ஒண்ணு இருந்துச்சுங்குறாரு. சிரிப்பு வருது, சிரிச்சதுக்கு நமக்கே கூச்சமா இருக்கு. படம் பூரா இதே கூத்துதான்.

இப்ப நான் சொல்ல வந்த சீன். ஷ்மிட்டோட வேலையே அதுதான், ஒரு ஆளோட வயசு, வேலை, இருக்குற ஊரு, கல்யாணம் ஆச்சா இல்லையா, என்னென்ன வியாதி, இதெல்லாம் குடுத்தா எவ்ளோ நாள் உசுரோட இருப்பான்னு கணக்கு போட்டு சொல்லிடுவார். தனக்கும் போட்டுப் பாக்குறார். மறுபடி கல்யாணம் பண்ணிக்கலன்னா ஒம்பது வருஷத்துக்குள்ள சாக 73 சதவீதம் சான்ஸ். ஏதோ கரண்ட் பில் படிக்கிற மாதிரி அந்தக் குரல்ல சொல்றார். ஊர்ல இருக்குறவன் சாவுக்கெல்லாம் கணக்கு போட்டவரு, பொண்டாட்டி தனக்கு முன்னாடி போயிருவாங்குறத மட்டும் கணக்குல சேக்கவே இல்ல.

எங்கப்பாவும் கணக்கு ஆளுதான். சிபிஎஃப்னு இங்க ஓய்வுக்கால சேமிப்பு, அதுல வர்ற மாசப் பணத்த 65லயே எடுக்கலாம், ஆனா 70 வரைக்கும் தள்ளிப்போட்டா வருஷத்துக்கு 7 சதவீதம் வரைக்கும் கூடும். தப்பான கணக்கு இல்ல, உடம்பு நல்லா இருக்குறவங்களுக்கு நல்ல கணக்குதான், அப்பாவும் 70ன்னு முடிவு பண்ணாரு. அம்மாவுக்கு காசிக்குப் போகணும்னு ஆச. "எழுபது ஆகட்டும், பணம் நெறைய வரும், ஏசி வண்டியில ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டே இருந்தாரு. அவருக்கு 68 நடக்குறப்ப அம்மா போயிட்டாங்க. இப்ப அந்தக் கூடுன பணம் மாசா மாசம் சரியா வந்துட்டுதான் இருக்கு. 73 சதவீதம்னு சப்டைட்டில்ல வந்தப்ப அப்பா, "கொஞ்சம் நிறுத்து பாப்பா"ன்னாரு. கிச்சனுக்குப் போனாரு, கோப்பி போடப் போறார்னு நெனச்சேன், ரொம்ப நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்து போடுன்னாரு. போட்டேன்.

அதுக்கப்புறம் ஊர் சுத்துற கட்டம். 35 அடி நீளத்துல வின்னபேகோன்னு ஒரு வீட்டு வண்டி, நம்ம அடுக்குமாடி புளோக் கார்பார்க்ல நிறுத்தணும்னா ரெண்டு லாட்டு புடிக்கும், சிங்கப்பூர்ல அத ஓட்டுனா துவாஸ்ல ஏறி காலை நீட்டுறதுக்குள்ள சாங்கி வந்துரும். அவரு பொறந்து வளந்த வீட்டத் தேடிப் போனா அங்க டயர் கடை நடக்குது. அப்பா ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் தோணுச்சு, அவர் அத்தன வருஷம் ஏறி எறங்குன எடமும் இப்ப பழைய மாதிரி இல்ல. 1972ல மொத கன்டெய்னர் கப்பல் வந்து நின்ன தஞ்சோங் பகார் அது, வேலைய பாசிர் பாஞ்சாங் பக்கம் மாத்திட்டாங்க, 2027க்குள்ள சிட்டி பக்கம் இருக்குற துறைமுகம் எல்லாமே துவாஸுக்கு போயிருமாம். பஸ்ஸுல அந்தப் பக்கம் போறப்ப அப்பா ஜன்னலப் பாக்க மாட்டாரு, போனை நோண்டுவாரு.

ராத்திரில அந்த வண்டி கூரை மேல உக்காந்து, பொண்டாட்டி சேத்து வச்ச பீங்கான் பொம்மைங்கள அடுக்கி, மெழுகுவத்தி ஏத்தி அவகிட்ட பேசுற சீன் ஒண்ணு இருக்கு. நடுவுல அவளுக்கும் இவரு ஃப்ரெண்டுக்கும் ஒரு காலத்துல இருந்த தொடர்பு தெரிய வந்து, கோவத்துல அவ துணிமணி எல்லாத்தையும் தூக்கிக் கடாசியிருப்பாரு. இங்க வந்து, நெசமாவே நான் உனக்கு ஏத்த ஆளா இருந்தேனா, இல்ல ஏமாந்துட்டு சொல்லாம இருந்துட்டியான்னு கேக்குறாரு. நிக்கல்சன்னாலே அந்தப் புருவத்தத் தூக்கி ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அதெல்லாம் இந்தப் படத்துல சுத்தமா கெடையாது. தொப்பையும் வாரி ஒட்டுன முடியுமா பக்கத்து புளோக் அங்கிள் மாதிரியே இருக்காரு.

பொண்ணு கல்யாணத்துக்கு டென்வர் போனதுக்கப்புறம் படம் கொஞ்சம் தொய்யுது. மாப்பிள்ள தண்ணி மெத்த விக்கிறவன், பின்னாடி முடி வளத்துக்கிட்டு, மாமனாரையே ஆள் சேத்து விடுற ஒரு எம்எல்எம் ஸ்கீம்ல இழுக்கப் பாக்குறான் (புளோக்குக்குக் கீழ இருக்குற வாய்ட் டெக்ல இந்த மாதிரி ஆளுங்க எத்தன பேரு அப்பாவப் புடிச்சிருக்காங்க, அதனால அங்க நல்லா ஒட்டுச்சு). ஆனா அந்தக் குடும்பத்த டைரக்டர் கிண்டல் பண்றது கொஞ்சம் ஓவர், படிப்பு கம்மி, ரசனை கம்மின்னு மேல நின்னு பாக்குற மாதிரி இருக்கு. பொண்ணு பாத்திரத்துக்கு கோவத்தத் தவிர ஒண்ணும் குடுக்கல, அவளும் அம்மாவ எழந்தவதானே, அது படத்துக்கு ஞாபகமே இல்ல. எனக்கு அதுல வருத்தம், நான் அந்த சைடுல இருக்குறவ வேற. தண்ணி மெத்தையில படுத்து ஷ்மிட்டுக்கு கழுத்து புடிச்சிக்குது. க்ரேன்ல குனிஞ்சே கன்டெய்னர் தூக்குன அப்பாவுக்கும் கழுத்துதான் மிச்சம், "அய்யோ, எனக்குத் தெரியும் அந்த வலி"ன்னு கைய வச்சிக்கிட்டாரு.

ஒரு எச்சரிக்கை. சம்பந்தியம்மாவா கேத்தி பேட்ஸ், பிச்சு ஒதறியிருக்காங்க, அவங்களுக்கும் ஆஸ்கர் நாமினேஷன் வந்துச்சு. ஆனா வெந்நீர்த் தொட்டி சீன் ஒண்ணு இருக்கு, ஷ்மிட் உள்ள உக்காந்திருக்குறப்ப அந்தம்மா ஒண்ணுமே போடாம கூச்சமில்லாம எறங்கி வந்துரும். நான் ரிமோட்டத் தேடுறேன், அது அப்பா தொடைக்கடியில, அப்பா ஜன்னலப் பாத்து மழை விட்டுருச்சான்னு கேக்குறாரு. அப்பா அம்மாவோட பாக்குறவங்க அந்த நேரத்துல கோப்பி போடப் போயிருங்க.

முடிவு தெரிய வேணாம்னா இதுக்கு மேல படிக்காதீங்க. கல்யாணத்துல எல்லாரையும் புகழ்ந்து பேசிட்டு, அதுவும் பொய்தான், வீட்டுக்கு வந்து பாத்தா தபால்ல ஒரு கவர். தான்சானியால ந்டூகுவப் பாத்துக்குற கன்னியாஸ்திரி எழுதியிருக்காங்க, பையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா உங்களப் பத்தி தெனம் நெனக்கிறான்னு. கூடவே அவன் வரைஞ்ச படம், பெரிய ஆளு ஒருத்தரும் சின்னப் பையனும் கை கோத்து நிக்கிறாங்க. நிக்கல்சன் மூஞ்சிய மட்டும் காட்டுவாங்க. அவ்ளோதான், அத எழுதிப் புரிய வைக்க என்னால முடியாது. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், டென்வருக்காக ஒண்ணக் கொறச்சிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பா படத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல, நானும் அங்கயே தங்கிட்டேன். காலைல கீழ கோப்பிக்கடைல ப்ராட்டாவ பிச்சிட்டே திடீர்னு கேக்குறார். "அந்தப் பையனுக்குத்தான் படிக்கத் தெரியாதே, அப்ப அந்த லெட்டரெல்லாம் யாரு படிச்சுக் காட்டுனா?"

"அந்த சிஸ்டர்தான்பா, வேற யாரு."

"எல்லாத்தையுமா? பொண்டாட்டியத் திட்டி எழுதுனது, உக்காந்துகிட்டு ஒண்ணுக்குப் போறது, அது எல்லாம்?"

"எல்லாத்தையும்தான் படிச்சிருப்பாங்க."

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் கோப்பி கப்ப கீழ வச்சிட்டு குலுங்கிக் குலுங்கி சிரிச்சாரு, பக்கத்து மேசை அங்கிள் திரும்பிப் பாக்குற அளவுக்கு.