டர்பனில் வணிக நிர்வாகம் முதலாண்டு: யூனிசாவா, வெஸ்ட்வில்லா, டி.யூ.டி.யா, தனியாரா?

ஜனவரியில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிவு வந்துவிட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "மெடிக்கலுக்கு மார்க் பத்தாது, பிசினஸ் படிக்கட்டும்." சரி, படிக்கட்டும். எங்கே? நாலு வழி உண்டு: யூனிசா (தபால்வழியில் கற்பிக்கும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்), வெஸ்ட்வில் (குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வளாகம்), டி.யூ.டி. (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), தனியார் கல்லூரிகள்.

பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதலாண்டில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சரக்கு. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என்ற நாலு வேலைகளில் தொடங்கும். ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சு சுரங்க நிர்வாகி 1916இல் ஐந்தாக வகுத்ததை நாலாகச் சுருக்கியிருக்கிறார்கள். அப்புறம் தொழிலின் உள்சூழல், சந்தை, வெளிச்சூழல். அதன்பின் கொள்முதல், உற்பத்தி, விற்பனை, நிதி, ஆள்வளம் என்று ஒவ்வொரு துறையாக வரும். உள்ளூர் விஷயங்களும் உண்டு: 2003ஆம் ஆண்டின் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம், 2008ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், கம்பெனிகளை நேர்மையாக நடத்துவதற்கான நெறிகளைச் சொல்லும் கிங் அறிக்கை. அப்பா கடைப் பெயருக்குப் பின்னால் இருக்கும் 'சி.சி.'யை (குளோஸ் கார்ப்பரேஷன், சிறு தொழிலுக்கான பழைய கம்பெனி வடிவம்) புதிய கடைக்கு 2011 மே முதல் ஏன் வாங்க முடியவில்லை என்பதும் அங்கேதான் புரியும்.

ஆக, ஒப்பிட வேண்டியவை மூன்று: பிள்ளையை யார் விரட்டி வேலை வாங்குவார்கள், பணம் யார் கட்டுவார்கள், பின்னால் எந்தக் கதவு திறக்கும்.

யூனிசாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் தப்புக்கணக்கு போடுவது அங்கேதான். 1946 முதல் தபால்வழிக் கல்வி நடத்திவரும் பழுத்த நிறுவனம் அது. மண்டேலா சிறையிலிருந்தபடியே சட்டம் படித்ததும் அங்கேதான். கட்டணம் பாடத்துக்குப் பாடம் கட்டலாம், வேலையை விட வேண்டாம், பஸ் செலவு இல்லை. "மலிவு, சுலபம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மலிவு என்பது உண்மை. சுலபம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வணிக நிர்வாகத்துக்கு அங்கே முதலாண்டில் இரண்டு பாடங்கள்: எம்.என்.பி. 1501, எம்.என்.பி. 1601. ஒவ்வொன்றும் 12 கிரெடிட். இந்த நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. அப்படியானால் ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம். பருவத்தில் உருப்படியாகக் கிடைப்பது 15 வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு 8 மணி நேரம். பருவத்துக்கு ஐந்து பாடம் எடுத்தால் வாரம் 40 மணி நேரம், அதாவது முழுநேர வேலை. பகலில் கடையில் நின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு இது நடக்கிற காரியமில்லை. பட்டத்துக்கு மொத்தம் 360 கிரெடிட், அதாவது 30 பாடம். பருவத்துக்கு மூன்று எடுத்தால் ஐந்து வருடம், இரண்டு எடுத்தால் ஏழரை வருடம். ஏழரை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். ஆனால் தவணை தவறாமல் அசைன்மென்ட் அனுப்பும் ஆளுக்கு அதுவும் ஓடிவிடும்.

அனுப்பாவிட்டால் கேட்க அங்கே யாரும் இல்லை. பதினெட்டு வயதில் தானாக எழுந்து தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் அபூர்வம். 2020 முதல் தேர்வுகளும் இணையத்துக்குப் போய்விட்டதால், நேரத்துக்குள் விடைத்தாளை ஏற்றுவதும் பிள்ளையின் பொறுப்பே. தேர்வு நேரத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று முதல் நாளே யோசித்து வைக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது வயதில் வேலையில் இருப்பவருக்கு யூனிசாவைத் தயங்காமல் சொல்வேன். மெட்ரிக் முடித்த கையோடு வருகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு என் முதல் பரிந்துரை டி.யூ.டி. பலர் முகம் சுளிப்பார்கள், டிப்ளமாதானே என்று. அந்த நிறுவனத்தின் பாதி வேர் எம்.எல். சுல்தான் கல்லூரியில் இருக்கிறது. சுல்தான் 1890இல் கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு வந்தவர், ரயில்வேயில் சுமை தூக்கியவர். பின்னாளில் அவர் கொடுத்த பணத்தின் துணையோடு 1946இல் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அது 2002இல் டெக்னிகான் நேட்டாலுடன் இணைந்தது. நகரின் நடுவில் இருக்கிறது, சாட்ஸ்வர்த்திலிருந்து டாக்ஸியில் போய்வரலாம். செய்முறையோடு கற்பிப்பதே இந்த வகைப் பல்கலைக்கழகத்தின் இயல்பு. பல டிப்ளமாக்களில் நிறுவனங்களில் போய் வேலை பழகுவதும் படிப்பின் பகுதி.

கணக்கு விஷயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் 'மேத்ஸ்' விட்டு 'மேத்ஸ் லிட்' (அன்றாடத் தேவைக்கான எளிய கணக்குப் பாடம்) எடுத்த பிள்ளைக்கு பி.காம். கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும். பல டிப்ளமாக்கள் அதை ஏற்கின்றன. நாட்டின் கல்வித்தகுதி வரிசையில் டிப்ளமா ஆறாம் நிலை, பட்டம் ஏழாம் நிலை என்பது உண்மைதான். ஆனால் டிப்ளமா முடித்து ஒரு வருடம் உயர் டிப்ளமா படித்தால் ஏழாம் நிலைக்கு வந்துவிடலாம். கல்யாணப் பேச்சில் இதை விளக்குவது கஷ்டம், வேலைக்குப் போகும் இடத்தில் கஷ்டமில்லை.

கணக்கில் தெம்பான பிள்ளை என்றால் வெஸ்ட்வில். 1961இல் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படை முகாமில், நிறவெறி அரசு இந்தியருக்கென்று ஒதுக்கித் தொடங்கிய கல்லூரி 1972இல் வெஸ்ட்வில் குன்றுக்கு வந்தது. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. தாத்தாக்கள் விருப்பமில்லாமல் போன இடத்துக்குப் பேரப்பிள்ளைகள் போட்டி போட்டு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே பி.காம். முதலாண்டில் நிர்வாகம் ஒரு மூலையில்தான் இருக்கும், கணக்கியலும் பொருளியலும் புள்ளியியலும்தான் பிள்ளையை வாட்டும். பிற்பாடு ஆனர்ஸ், கணக்காளர், வங்கி என்று போக நினைப்பவருக்கு அந்த வாட்டம் தேவை. சொந்தக் கடைக்குத் திரும்பப் போகிறவருக்கு அது அவ்வளவு தேவையா என்பது எனக்குச் சந்தேகமே.

தனியார் கல்லூரிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். டர்பனில் 1995 முதல் இருக்கும் மான்கோசா போல நிலைத்த பெயர்கள் உண்டு. ஆனால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். (அரசின் மாணவர் நிதித் திட்டம்) உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டும்தான். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்து அந்த உதவி கிடைக்கும் நிலையில் இருக்கும் குடும்பம், கடன் வாங்கித் தனியாரில் சேர்ப்பது எனக்குப் புரியவே புரியாது. கம்பெனி பணம் கட்டுகிறது என்றால் அது வேறு கதை. சேர்வதற்கு முன் உயர்கல்வித் துறைப் பதிவேட்டில் கல்லூரியின் பெயரும், சாக்வா (கல்வித்தகுதிகளைப் பதியும் அரசு அமைப்பு) பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வண்ணப் புத்தகத்தில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

விண்ணப்பத்தில் ஒரு வசதி. வெஸ்ட்வில்லுக்கும் டி.யூ.டி.க்கும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே படிவத்தில் போடலாம், அதனால் இரண்டையும் எழுதி வையுங்கள். யூனிசாவுக்குத் தனியாகப் போட வேண்டும்.

இன்னொரு வகை ஆட்களும் என்னிடம் கேட்கிறார்கள்: ஐம்பதைத் தாண்டியவர்கள், கடையோ கேட்டரிங்கோ நடத்துகிறவர்கள், பட்டம் வேண்டாம், விஷயம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள். அவர்கள் பட்டத்துக்குப் பதியாமல் தனிப்பாடமாக எம்.என்.பி. 1501ஐ மட்டும் யூனிசாவில் எடுக்கலாம். பிடித்தால் அடுத்த பருவம் 1601.